ஆறுமுகம், உள்ளேன் ஐயா

மஞ்சள் ஆறு ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும் லான்ஜோ நகரத்தில், இரண்டு பக்கமும் மொட்டை மலைகள் நின்று வேடிக்கை பார்க்கும் பல்கலைக்கழகம் ஒன்றில், மண்ணியல் மேற்படிப்பு வகுப்பில், பேராசிரியர் குவோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வருகைப் பதிவுக்காக "ஆலுமுகாமு" என்று அழைத்தபோது, தேன்மொழி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அவளுக்குப் பின்னாலிருந்த ஆளில்லாத பெஞ்சிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று ஓர் ஆண்குரல் கேட்டது. அந்த ஊரில் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் "தாவ்" என்று சொல்ல வேண்டும். வந்தாயிற்று என்று பொருள். குவோ தலை நிமிரவில்லை. கூப்பிட்ட பெயருக்குப் பதில் வந்ததா, வந்தது, எந்த மொழியில் வந்தால் நமக்கென்ன என்பதைப்போல ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

தேன்மொழி மட்டும் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. குரல் அவளுடைய அப்பாவின் குரல்.

அப்பா இறந்துவிடவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஆளில்லாமல் குரல் மட்டும் வந்தது என்றதுமே நம்மாட்கள் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அரசுப் பேருந்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஆறுமுகம், அந்த நேரத்தில் கோவில்பட்டியில் தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பிட்ட இட்லி கையிலிருக்க, வாய் தானாகத் திறந்து "உள்ளேன் ஐயா" என்று சொன்னதை அவர் மனைவி பேச்சியம்மாள் சட்னிக் கிண்ணத்தோடு நின்று கேட்டாள். பள்ளிக்கூட நினைப்பாக்கும் என்று எண்ணிக்கொண்டு சட்னியை ஊற்றினாள்.

ஆறுமுகத்தின் பெயர் சீனாவுக்குப் போன கதை நம்முடைய ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையால் நடந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைக் கொண்டைப்பூ மாதிரி முன்னால் செருகிக்கொண்டு ஆ. தேன்மொழி என்று காலந்தள்ளிவிடுவோம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயிருந்த கம்ப்யூட்டர் சென்டர்க்காரி, "சர்நேம் காலியா இருந்தா வெளிநாட்டுல வம்பும்மா, அப்பா பேரப் போட்டுவிடுதேன்" என்று தட்டிவிட்டாள். முன்னெழுத்தாக இருந்தது அன்றைக்கே தலையெழுத்தாகிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. சீனர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும், அதைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை. ஆகவே வகுப்பில் ஆலுமுகாமு, நூலகத்தில் ஆலுமுகாமு, பார்சல் வந்தால் ஆலுமுகாமு, சாப்பாட்டுக் கூடத்தில் அட்டையைத் தேய்த்தால் திரையில் ஆலுமுகாமு. விடுதி வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் ஓர் இயந்திரம் இருந்தது. அதன் முன்னால் அவள் போய் நின்றால் அது ஒரு சின்னப்பெண்ணின் குரலில், போகும்போதும் வரும்போதும், "ஆலுமுகாமு, வணக்கம்" என்று சீனத்தில் பாடும்.

இப்படி விடிந்ததிலிருந்து அடையும்வரை ஒரு மனிதரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், அவர்தான் என்ன செய்வார், வந்துதான் ஆக வேண்டும். வந்தார்.

முதலில் குரலாக வந்தார். குவோ கூப்பிடும்போதெல்லாம் பதில் சொன்னார். அடுத்த பெஞ்சில் இருந்த ஷு லான் என்ற பெண், "உங்கப்பாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தேன்மொழி. "இவ்வளவு தூரம் வந்திருக்காரே, தொண்டை காயுமே" என்று சொல்லி, தன் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் ஊற்றிக் காலிப் பெஞ்சின்மேல் வைத்தாள். அந்த ஊரில் வந்தவர்க்கு வெந்நீர்தான் முதல் மரியாதை. காய்ச்சலுக்கும் வெந்நீர், கண்ணீருக்கும் வெந்நீர். வகுப்பு முடிந்து பார்த்தபோது தம்ளரில் பாதி குறைந்திருந்தது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. தம்ளர் வைப்பதற்குப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள், அவரை ஷூஷு என்று அழைத்தார்கள், அதாவது சித்தப்பா. தேர்வன்று காலையில் ஷூஷுவின் பெஞ்சைத் தொட்டுவிட்டுப் போனால் கேள்வித்தாள் எளிதாக வரும் என்று ஒரு பேச்சு கிளம்பி, வேறு துறைப் பிள்ளைகளும் வந்து தொட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு வளாகத்துக்குள் ஓடும் சின்னப் பேருந்தில் விசில் கேட்கத் தொடங்கியது. ஓட்டுநர் லாவ் மா பெருத்த ஆள், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர். தேன்மொழி ஏறிய வண்டியில், கடைசிப் பிள்ளை ஏறி முடித்ததும் பின்படிக்கட்டிலிருந்து இரண்டு விசில் சத்தமும், "போலாம், ரைட்!" என்ற குரலும் வந்தன. லாவ் மா கண்ணாடியில் பார்த்தார், ஒருவரும் இல்லை, பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கொஞ்ச காலத்திலேயே விசில் கேட்காமல் வண்டியை நகர்த்துவது அவருக்குப் பிடிக்காமல் போனது. "கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே என் கழுத்து பிடிச்சுக் கிடந்தது, இப்பதான் நிம்மதியா ஓட்டுறேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். தேன்மொழி இல்லாத வண்டியில் விசில் வராது என்பதால், அவள் எங்கே போவதாக இருந்தாலும் அவளுக்காக வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்.

விடுதிக் காவலம்மாவை அங்கே எல்லோரும் ஆயி என்றுதான் கூப்பிடுவார்கள். சீனத்தில் அத்தை, சித்தி, யாராக இருந்தாலும் ஆயிதான். பெண்கள் விடுதியில் ஆண்வாடை கூடாது என்பதில் அவள் கறாரானவள். வாசல் இயந்திரம் பெயரைப் பாடியதும் தேன்மொழிக்குப் பின்னால் ஒரு செருப்புச் சத்தம் உள்ளே வருவதைக் கேட்ட ஆயி, கையை நீட்டி மறித்து, "பொண்ணு மேலே போகட்டும். நீங்க இங்கே உட்காருங்க" என்று தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டாள். நாற்காலி கிறீச்சென்று கனத்தை வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து ஆயி கம்பளி பின்னிக்கொண்டே ஷென்ஜென்னில் வேலைபார்க்கும் மகன் பேசுவதில்லை என்ற கதையை அந்த நாற்காலியிடம் சொன்னாள். நாற்காலி அவ்வப்போது "ம்" கொட்டியது. ஆயிக்கு வயிற்றெரிச்சல் பாதி குறைந்தது.

தேன்மொழிக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். மண் புழுதியும் பனியுமாக மூக்கில் ரத்தம் வரவைக்கும் ஊர். காலையில் எல்லோரும் கொதிக்கிற மாட்டிறைச்சி நூடுல்ஸை உறிஞ்ச, அவள் மட்டும் மாந்தோ என்ற வெறும் மாவுருண்டையை ஊறுகாய் தொட்டுத் தின்னும் வாழ்க்கை. தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அங்கே பின்பெஞ்சில் அப்பா இருக்கிறார் என்றால் யாருக்குத்தான் கசக்கும். அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. ஓர் ஆள் ஓரிடத்துக்கு வந்தால், இன்னோரிடத்திலிருந்து போயிருக்க வேண்டும்.

அது பேச்சியம்மாள் போன் செய்தபோதுதான் உறைத்தது.

"ஏட்டி, உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிட்டு. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்காக. காப்பி குடுத்தா வேண்டாம்ங்காக, வெறும் வெந்நி கேக்காக. இது போதாதுன்னு உக்காந்த இடத்துல இருந்துகிட்டு தாவு, தாவுங்காக. எனக்கு ஈரக்குலையே நடுங்குது. மொட்டை மாடிக் கதவப் பூட்டிட்டேன். கெணத்துக்கு மேல தகரத்தப் போட்டு அம்மிக்கல்லத் தூக்கி வச்சிட்டேன். எந்தச் சனியனோ அவுகளத் தாவச் சொல்லுது."

தேன்மொழிக்குப் புரிந்துவிட்டது. அப்பா தாவப் போவதாகச் சொல்லவில்லை. "உள்ளேன் ஐயா"வை விட்டுவிட்டு, இந்த ஊர்ப் பிள்ளைகளைப்போல "தாவ்" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார். வந்தாயிற்று, வந்தாயிற்று என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீடியோவில் காட்டச் சொன்னாள். அம்மா போனைத் திருப்பினாள். அப்பா நாற்காலியில் இருந்தார். அவருடைய கட்டம்போட்ட சட்டை வழியாக, பின்னால் சுவரில் தொங்கிய உரக்கடைக் காலண்டரின் தேதி தெரிந்தது. "அப்பா" என்றாள். அவர் போனைப் பார்க்காமல், யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வகுப்பில் திரும்பிப் பார்த்தபோது காலிப் பெஞ்சில் காக்கிச்சட்டையின் தோள்பட்டையும், தோல்பையின் வாரும் தெரிந்தன. ஷு லான் கையைத் தட்டி, "ஷூஷு நல்லாத் தெரியறார் பார்!" என்று சிரித்தாள்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே முழங்கால் பனி கிடக்க, அறையில் சாக்ஸைக் கழற்றினால் அவள் பாதத்தில் கறுப்பு மண் ஒட்டியிருந்தது. மண் படிக்கிறவளுக்கு மண் தெரியாதா. லான்ஜோவில் மலை, காற்று, தலைமுடி எல்லாம் மஞ்சள் மண், இது மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் அசல் கரிசல். அம்மாவும் போனில், "காலையில நீ வந்து வாசத்தொளிச்சுட்டுப் போனமாதிரி இருந்துச்சுட்டி, எந்திரிச்சுப் பாத்தா வாசல் ஈரமா இருக்கு" என்றாள். வாசல் இயந்திரமோ சில நாட்களாக அவள் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துத் திணறியது. செருப்புச் சத்தம் பின்னால் வந்து நின்ற பிறகுதான் வணக்கம் பாடிக் கதவைத் திறந்தது.

ஆயிதான் ஒருநாள் பின்னலை நிறுத்தாமல் போகிறபோக்கில் கேட்டாள். "வீட்டிலே இவரை எப்படிக் கூப்பிடுவீங்க? நாங்க ஷூஷுன்னு கூப்பிட்டா இவர் திரும்பறதே இல்லை. பெயரைச் சொன்னாத்தான் திரும்பறார்."

தேன்மொழி பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றாள். ஊரில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர். கூட ஓட்டிய டிரைவர் சுடலைமுத்துவுக்குக் கண்டக்டரே. அவளுக்கு அப்பா. அத்தைக்கு அண்ணே. ஆறுமுகம் என்று கூப்பிட்டது அவரைப் பெற்றவள் ஒருத்திதான், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா? அம்மா அவர் பெயரை ஆயுசில் சொன்னதில்லை. புருஷன் பெயரை மட்டுமா, அந்தப் பெயருக்குள் இருக்கிற வார்த்தைகளையும் அவள் சொல்லமாட்டாள். ஐந்துக்கு அடுத்ததை அஞ்சும் ஒண்ணும் என்பாள். முகத்தை மூஞ்சி என்பாள். சாமி பெயரைக்கூட வேலவரே என்றுதான் கும்பிடுவாள். மகள் படிக்கிற ஊரில் ஓடுகிற மஞ்சள் ஆற்றை, "அந்த மஞ்சத் தண்ணி ஓடுதே, அதுல எறங்கிராத" என்றுதான் சொல்லியிருக்கிறாள். கணவனைக் கூப்பிட வேண்டுமென்றால் கூடத்தைப் பார்த்து அவள் எழுப்புகிற குரல் ஒன்றுதான்: "தேன்மொளியப்பா!"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அங்கே அப்பாவின் பெயரைச் சொல்ல ஒரு நாக்கு இல்லை, இங்கே இயந்திரம்கூடச் சொல்கிறது. இங்கே அவளுடைய பெயரை ஒருவரும் சொல்வதில்லை, அங்கே அம்மா காப்பிக்கும் குளிக்கவும் சாப்பிடவும் அவள் பெயரைச் சொல்லித்தான் கூவிக்கொண்டிருக்கிறாள். அவரவர் பெயர் கேட்ட திசைக்கு அவரவர் நடக்கிறார்கள். இப்படியே போனால் கோவில்பட்டியில் அவளும் லான்ஜோவில் அப்பாவும் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

உடனே அவள் எல்லோரிடமும் போய், இனி என்னைத் தேன்மொழி என்று கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். சீனர்கள் மனம் வைத்தால் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஆங்கில எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, செல்போனில் அனுப்பும் எமோஜி பொம்மையைக் கூப்பிடுவதைப்போல "தன்மோஜி, தன்மோஜி" என்றார்கள். அந்தப் பெயருக்கு அவளுக்கே திரும்பத் தோன்றவில்லை. அப்புறம், ஆயி தம்ளரில் வெந்நீர் ஊற்றும்போது "ழ ஷுய்" என்று சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டாள். சூடு என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லில் நாக்கு மடிந்து மேலே போய் ஒட்டாமல் நின்றது. ழ! வெந்நீருக்குள் இத்தனை நாள் அவளுடைய எழுத்து கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆயிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். ஷு லானுக்கு, லாவ் மாவுக்கு, குவோவுக்கு. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு வராத ழகரம் லான்ஜோவில் நூடுல்ஸ் இழுக்கிறவனுக்கும் வந்தது. பெற்ற தாய் தேன்மொளி என்பாள்; வளாகப் பேருந்து ஓட்டுநர் தேன்மொழி என்றார். கேட்கும்தோறும் அவள் காலில் கரிசல் குறைந்தது.

மனிதர்கள் மாறினார்கள், இயந்திரம் மாறவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, "பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கோ அப்படித்தான்மா வரும், பட்டத்திலும் அப்படித்தான்" என்று ஒரு மிட்டாயைக் கொடுத்து அன்பாக அனுப்பிவைத்தார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். ஜூன் மாதம் விளையாட்டு மைதானத்தில் பட்டமளிப்பு, ஒவ்வொரு பெயரும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும்.

ஒலிபெருக்கி என்றதும் அவள் மலையைப் பார்த்தாள். அந்த ஊரில் தெற்கு மலையைப் பார்த்துத் தும்மினால் வடக்கு மலை நூறாயுசு சொல்லும். அப்பா பெயரை அங்கே ஒரு தடவை முழங்கினால் மலைகள் இரண்டும் மாற்றி மாற்றிப் பந்து விளையாடும். அன்றைக்கு வருகிறவர் பிறகு திரும்பப் போவதற்குக் கோவில்பட்டியில் ஒன்றும் மிச்சம் இருக்காது. பின்பெஞ்சில் இப்போது அப்பாவின் கைகளும் தெரிந்தன. அவர் வெந்நீர்த் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, இந்த ஊர்க் கிழவர்களைப்போல ஊதி ஊதிக் குடித்தார்.

"அம்மா, நீ அவர் பேரச் சொல்லணும்" என்றாள் போனில்.

"என்ன பேச்சுட்டி பேசுத!"

"ஒரு தடவை. சத்தமா."

"புருசன் பேரச் சொன்னா அவுக ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லி, அவ ஆத்தா சொல்லி... நாஞ் சொல்லப்போயி அவுகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? பழி யாருக்கு?"

"சொல்லாமலே போய்ட்டிருக்காரே அம்மா. இங்க வந்துட்டிருக்கார். எங்க கண்ணு முன்னால."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "நல்லா இருக்காகளா அங்க?" என்றாள் பேச்சியம்மாள். "நேத்து சாப்பிட வச்ச தட்டு அப்படியே இருக்கு. நாற்காலில குழி இருக்கு, ஆளக் காணோம். கொஞ்ச நேரங் கழிச்சுப் பாத்தா இருக்காக. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்குட்டி."

அன்றிலிருந்து பேச்சியம்மாள் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகத் தொடங்கினாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, முதலில் "ஆறு" என்றாள். சொன்னதும் வெளியே ஓடிவந்து கணவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கருகில் கை வைத்துப் பார்த்தாள். மறுநாள் கடையில் போய், வேண்டுமென்றே, "ஆறு முட்டை குடுங்க" என்றாள். கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "முகம்" என்று சொல்ல இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. இரண்டையும் சேர்க்க மட்டும் நாக்கு எழும்பவில்லை. கடைசியில் அவள் தெருவிடம் போய் அழுதாள். தெரு முதலில் வாயைப் பிளந்தது, பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னது, பிறகு சுடலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மதினி தனியா எதுக்குச் சொல்லணும், நாம எல்லாருஞ் சேந்து சொல்லுவோம். நாப்பது வருசமா கண்டக்டரே கண்டக்டரேன்னு அந்த மனுசன் பேரையே தொலைச்சதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார்.

பட்டமளிப்பு லான்ஜோவில் காலை பத்து மணிக்கு. அப்படியென்றால் கோவில்பட்டியில் ஏழரை. மணியைக் கேட்டதும் பேச்சியம்மாளுக்குப் பகீரென்றது, ஏழரையில் போய் எந்த நல்லது நடந்திருக்கிறது. இருந்தாலும் வாசலில் நாற்காலியைப் போட்டு, கணவரை உட்கார்த்தி, அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை பிடிக்குள் இருந்தது, ஆனால் கனமில்லை. தெரு சுற்றி நின்றது. போன் ஒரு ஸ்டூலின்மேல் சொம்பில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

மைதானத்தில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாகத் தேன்மொழி வரிசையில் நின்றாள், தொப்பிக்கடியில் ஒரு காதில் இயர்போன். அவளுக்கு முன்னால் மேடைப்படியில் காக்கிச்சட்டையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இடுப்புவரை நன்றாகத் தெரிந்தார். ஷு லானும் மற்றவர்களும் அவருக்குக் கையசைத்தார்கள். ஆயி புது ஸ்வெட்டரோடு வந்திருந்தாள், அவருக்காகப் பின்னியது. டீன் ஒலிபெருக்கியின் முன்னால் வந்து, தாளைப் பார்த்து, "ஆலுமுகாமு" என்றார்.

தெற்கு மலை ஆலுமுகாமு என்றது. வடக்கு மலை ஆலுமுகாமு என்றது. அப்பாவின் கால்கள் மண்ணில் ஊன்றின, செருப்பு புழுதியில் தடம் பதித்தது.

காதில் அம்மா பதறினாள். பதற்றத்தில் பழகியது எல்லாம் மறந்து, வாயில் எப்போதும் வருவதே வந்தது: "தேன்மொளியப்பா! தேன்மொளியப்பா!"

தேன்மொழியின் மூக்கில் சாணித் தண்ணீர் வாசனை அடித்தது. குனிந்து பார்த்தால் காலைச் சுற்றிக் கறுப்பாக ஈர மண். மைதானமும் மேடையும் துணிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல மங்கின. முன்னால் அம்மாவின் முதுகும், அம்மா பிடித்திருந்த கையில் ஒன்றுமே இல்லாததும் தெரிந்தன. அவள் அந்த முதுகைப் பார்த்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, "பேரச் சொல்லும்மா!" என்று கத்தினாள்.

பேச்சியம்மாள் திரும்பினாள். மகளைப் பார்த்தாளோ, வெறும் காற்றைப் பார்த்தாளோ, அவள் பிறகு அதைப்பற்றிப் பேசியதில்லை. கழுத்துத் தாலியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஊர் கேட்க அலறினாள்.

"ஆறுமுகம்!"

தெரு முழுக்க அவள் பின்னால் கூவியது. ஆறுமுகம், ஆறுமுகம், ஆறுமுகம் என்று சுடலைமுத்து கூவினார், கடைக்காரர் கூவினார், குழந்தைகள் ஏன் எதற்கென்று தெரியாமல் குதித்துக் குதித்துக் கூவின. மேடைப்படியில் நின்ற காக்கிச்சட்டை மெல்லத் தலையைத் திருப்பியது. இத்தனை காலம் பெயரைக் கேட்டுக் கேட்டு வந்தவர், முதல்முறையாகப் பெயரைச் சரியாகக் கேட்டவர்போல நின்றார். மகளை ஒரு தரம் பார்த்தார். புழுதியில் பதிந்த இரண்டு தடங்களும் இருந்தன, அவற்றின்மேல் ஒருவரும் இல்லை.

காதில் ஒரு குரல், கரகரத்து, தூக்கம் கலைந்ததுபோல: "என்ன பேச்சி... ஏன் இப்படிச் சத்தம் போடுத? தெருவே நிக்கு. காப்பி போட்டியா?"

பிறகு அம்மா அழுதது மட்டும் கேட்டது.

மைதானம் அமைதியாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேரும் காத்திருந்தார்கள், ஏனென்றால் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு பதில் வரவேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. மலைகளும் ஓய்ந்துவிட்டன. டீன் தாளைப் பார்த்தார். அதில் குவோ பென்சிலால் திருத்திக் கொடுத்திருந்த மறுபாதியை, நாக்கை மடித்து, வெந்நீரைச் சொல்வதுபோலப் பதமாகச் சொன்னார்.

"தேன்மொழி."

அவள் வாயைத் திறந்தாள். தாவ் என்றுதான் சொல்ல நினைத்தாள்.

"உள்ளேன் ஐயா" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. பேச்சியம்மாளுக்கு அன்றைக்குச் சாயங்காலம்வரை வாய் ஓயவில்லை. ஆறுமுகம், காப்பி. ஆறுமுகம், கொடியில துணி எடுங்க. ஆறுமுகம், சும்மாதான் கூப்பிட்டேன். கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அவர் இருந்தார். ராச்சாப்பாட்டின்போது அவர் மோர் குடிப்பதை நிறுத்தி, "அந்த லாவ் மா நல்ல டிரைவர் பேச்சி, பிரேக்கு மட்டும் கொஞ்சம் அவசரம்" என்றார். அவள் உடனே அவர் பெயரை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

லான்ஜோவில் ஆயி நாற்காலிக்கருகே வைத்த வெந்நீர் குறையாமல் ஆறிப்போய், மேலே மஞ்சள் தூசி படிந்து கிடந்தது. ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, ஆயி மகனுடைய எண்ணைத் தேடிப் போனை எடுத்தாள்.

விழா முடிந்து பிள்ளைகள் அங்கியோடு பேருந்தில் ஏறினார்கள். கடைசிப் பிள்ளையும் ஏறியாயிற்று. வண்டி நகரவில்லை. லாவ் மா விதையைக் கொறிக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணாடியில் பின்படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஷு லான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேன்மொழி எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், அந்தப் படிக்கட்டில் நின்றாள். விசில் அவளுக்கு அடிக்கத் தெரியாது.

"போலாம்" என்றாள். குரலை உயர்த்தி மறுபடி சொன்னாள். "போலாம், ரைட்!"

லாவ் மா வண்டியை எடுத்தார்.